பி53 டி.என்.ஏ-வை எப்படிப் பிடிக்கிறது: உங்கள் பிரவுசரிலேயே பார்க்கும் வழி

நம் செல்களில் புற்றுநோயைத் தடுக்கும் புரதமான பி53 பற்றிக் கேட்டால் "மரபணுத் தொகுதியின் காவலன்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அந்தக் காவலன் டி.என்.ஏ-வில் எதை, எங்கே, எந்த விரலால் தொடுகிறான் என்று அடுத்த கேள்வி கேட்டால் அமைதிதான். எனக்கும் படிக்கிற காலத்தில் "டி.என்.ஏ-வுடன் இணைகிறது" என்ற ஒரு வரிதான் கிடைத்தது. அந்த வரிக்குள் நடப்பதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை, ஒரு பிரவுசரும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

முதலில் டி.என்.ஏ-வில் பி53 தேடும் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளான ஏ (A), ஜி (G), சி (C), டி (T) கொண்டு எழுதப்படும் அது 10 எழுத்து. முதல் மூன்றும் ஏ அல்லது ஜி, நான்காவது சி, அடுத்த இரண்டும் ஏ அல்லது டி, ஏழாவது ஜி, கடைசி மூன்றும் சி அல்லது டி. இதே மாதிரி வரிசை இரண்டு முறை வர வேண்டும், நடுவில் 0 முதல் 13 எழுத்து வரை இடைவெளி இருக்கலாம். ஒரு 10 எழுத்தில் இரண்டு பி53 மூலக்கூறு உட்காரும், ஆக மொத்தம் நான்கு மூலக்கூறு கூட்டாக வந்து பிடிக்கும். இதைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அப்புறம் புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்துக்குப் போய், தேடும் பெட்டியில் 1TUP என்று அடியுங்கள். நிகோலா பாவ்லெடிச் குழுவினர் 1994-ல் வெளியிட்ட, 2.2 ஆங்ஸ்ட்ராம் (அணுக்களின் தூரத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) துல்லியமுள்ள படிக அமைப்பு திறக்கும். பி53-இல் மொத்தம் 393 அமினோ அமிலங்கள் உண்டு. இதில் தெரிவது நடுவில் இருக்கும் மையப் பகுதி மட்டும். வால் எங்கே, தலை எங்கே என்று தேட வேண்டாம், படிகத்தில் அவை சேர்க்கப்படவே இல்லை.

முப்பரிமாணப் பார்வையைத் திறந்தால் மூன்று புரதச் சங்கிலிகளும் (ஏ, பி, சி) ஒரு டி.என்.ஏ இரட்டைச் சுருளும் தெரியும். இங்கேதான் நான் ஒரு மாலை முழுவதையும் கோட்டைவிட்டேன். மூன்றுமே சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்து சி சங்கிலியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தும் டி.என்.ஏ தொடர்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வரிசையை உண்மையில் வாசிப்பது பி சங்கிலி மட்டும்தான். ஏ சங்கிலி தன் வரிசை இல்லாத இடத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறது, சி சங்கிலியோ டி.என்.ஏ-வைத் தொடவே இல்லை. எனவே ஏ சங்கிலியையும் சி சங்கிலியையும் மறைத்துவிடுங்கள்.

இப்போது மேலே இருக்கும் வரிசைப் பட்டையில் எஃப் என்ற டி.என்.ஏ இழையைத் தேர்ந்தெடுத்து, ஜி-ஜி-ஜி-சி-ஏ-ஏ-ஜி-டி-சி-டி வருகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். காகிதத்தில் எழுதியதோடு ஒப்பிட்டால் எழுத்துக்கு எழுத்து பொருந்தும். எதிர் இழையில் அதே இடத்தைப் படித்தாலும் அதே விதி பொருந்துகிறது. இரண்டு மூலக்கூறு எதிரெதிராக உட்கார முடிவது அதனால்தான்.

அடுத்து புரதத்துக்கு வாருங்கள். பி சங்கிலியில் 280-ஆம் எண்ணுள்ள அமினோ அமிலத்தைச் சொடுக்கினால் அந்த ஆர்ஜினின் அருகே பெரிதாகி, சுற்றியுள்ள பிணைப்புகள் புள்ளிக் கோடுகளாகத் தெரியும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். டி.என்.ஏ சுருளின் பக்கவாட்டில் ஓடும் இரண்டு பள்ளங்களில் அகலமான பெரும்பள்ளத்தில் ஜி எழுத்தின் விளிம்பில் ஹைட்ரஜனை ஏற்கும் அணுக்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆர்ஜினின் நுனியிலோ ஹைட்ரஜனைக் கொடுக்கும் அணுக்கள் இரண்டு அதே இடைவெளியில் இருக்கின்றன, அதனால் இரண்டும் இரட்டைக் கொக்கி மாட்டினாற்போல் பொருந்திவிடுகின்றன. அங்கே ஜி-க்குப் பதில் ஏ இருந்தால் ஒரு பக்கத்தில் ஏற்கும் அணுவுக்குப் பதிலாக அமினோ தொகுதி வந்துவிடும், கொக்கி மாட்டாது. புரதம் டி.என்.ஏ-வை "வாசிக்கிறது" என்பது இதுதான். 120-ஆம் லைசினும் 277-ஆம் சிஸ்டீனும் இதே பள்ளத்தில் பக்கத்து எழுத்துகளைத் தொடுகின்றன, அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி 273-ஐச் சொடுக்குங்கள். இதுவும் ஆர்ஜினின்தான், ஆனால் எழுத்து எதையும் வாசிக்கவில்லை, டி.என்.ஏ இழையின் முதுகெலும்பில் இருக்கும் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்பேட் எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான், ஆகவே இதன் வேலை பிடிமானம் மட்டும். 248-ஆம் ஆர்ஜினின் மறுபக்கம் போய்ச் சிறுபள்ளத்துக்குள் நுழைகிறது. தூரத்தை அளக்க வேண்டுமென்றால் தேர்வு முறையை இயக்கி, அணு அளவில் தேர்வு செய்யும்படி மாற்றி, இரண்டு அணுக்களைச் சொடுக்கி அளவீட்டுப் பலகையில் தூரத்தைக் கேளுங்கள். 3 ஆங்ஸ்ட்ராம் அருகே வந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

டி.என்.ஏ-வை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு தனி உருண்டை தெரிகிறதா? அது துத்தநாகம். 176, 238, 242 ஆகிய சிஸ்டீன்களும் 179-ஆம் ஹிஸ்டிடினும் அதைப் பிடித்திருக்கின்றன. இது டி.என்.ஏ-வைத் தொடுவதில்லை. தொடுகிற வளையங்களைச் சரியான வடிவில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது புற்றுநோய்க் கட்டிகளில் பி53 அடிக்கடி மாறும் ஆறு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 175, 245, 248, 249, 273, 282. ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். 248-ம் 273-ம் டி.என்.ஏ-வை நேரடியாகத் தொடுபவை என்று ஏற்கெனவே தெரியும். மற்றவை பெரும்பாலும் சட்டகத்தைத் தாங்குபவை. 175 துத்தநாகத்துக்கு அடுத்த வீடு, அங்கே ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்தால் துத்தநாகத்தின் பிடி கழன்று அந்தப் பகுதியே குலைகிறது. 249-இன் கதை வேறு, நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு பி53-இன் மரபணுவில் அந்த இடத்துக்கான ஒரு ஜி-யை டி-யாக்கிவிடும், கல்லீரல் புற்றுநோயில் இது நன்றாக அறியப்பட்ட தடயம்.

நான்கு மூலக்கூறும் சேர்ந்து பிடிப்பதைப் பார்க்க, அதே தளத்தில் 3KMD என்று தேடுங்கள், 2010-இல் வெளியான அமைப்பு அது. பழைய படத்தில் ஒற்றையாக நின்ற பி சங்கிலிக்கு இதில் பக்கத்துத் துணையும் எதிர்த் துணையும் இருக்கும்.

பைமால் (PyMOL) என்ற மூலக்கூறு பார்க்கும் மென்பொருள் வைத்திருப்பவர்கள், அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்கும் மியூட்டஜெனிசிஸ் வசதியில் 220-ஆம் டைரோசினைச் சிஸ்டீனாக மாற்றிப் பாருங்கள். டி.என்.ஏ-விலிருந்து வெகு தள்ளி இருக்கும் அந்த இடத்தில், பெரிய டைரோசின் போனதும் புரதத்தின் மேற்பரப்பில் ஒரு பொந்து விழும். புரதம் தளர்ந்து போவது அதனால்தான், அந்தப் பொந்தில் போய் உட்கார்ந்து புரதத்தை நிமிர்த்தும்படி வடிவமைத்த மருந்து மூலக்கூறுகள் இப்போது நோயாளிகளிடம் சோதனையில் இருக்கின்றன.