கொலனோஸ்கோப்பிக்கு நாள் குறித்தவர் அன்றைக்கு வந்து சேர

கொலனோஸ்கோப்பிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) வருகிறவர் முதல் நாளே சாப்பாட்டை நிறுத்தி, பேதி மருந்து குடித்து, வீட்டில் ஒருத்தரை லீவு போடச் சொல்லி, அத்தனையும் முடித்துத்தான் கிளம்ப வேண்டும். இதில் எங்கே இடறினாலும் வரமாட்டார், போனும் செய்யமாட்டார், திட்டுவோமோ என்று பயம். அதனால் ஆஸ்பத்திரியில் நாள் குறிக்கிற பத்து நிமிடத்தை அவசரமாக முடிக்காதீர்கள்.

நாளை நீங்களே முடிவு செய்யாமல் அவரைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை வாங்க என்றால் தலையாட்டிவிட்டுப் போவார், வீட்டில் பெரியவர்கள் செவ்வாய், அஷ்டமி, நவமி பார்த்து வேண்டாம் என்பார்கள். ரிசப்ஷனில் ஒரு தினசரி காலண்டர் தொங்கட்டும். வெளியூர்க்காரர் என்றால் பஸ்ஸையும் கேளுங்கள், ஏனென்றால் பேதி மருந்தின் இரண்டாம் பாதியைப் பரிசோதனை அன்று காலையில் குடித்துவிட்டு ஒன்றரை மணிநேரம் யாரால் பஸ்ஸில் உட்கார முடியும்? அவரைச் சீக்கிரம் வரச்சொல்லி அந்தப் பாதியை ஆஸ்பத்திரியிலேயே குடிக்க வையுங்கள், சுத்தமான கழிவறை ஒன்றை ஒதுக்குங்கள், மதியம் செய்யுங்கள்.

மயக்க ஊசி போடுவதால் அன்று தனியாகப் போக முடியாது, வண்டி ஓட்டவும் கூடாது. கூட வரப்போகிறவர் யார் என்று அப்போதே கேட்டு, அவர் நம்பரையும் வாங்குங்கள். சீட்டில் இருக்கும் நம்பர் பல சமயம் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது. மொத்தம் எவ்வளவு ஆகும், சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினால் கூட எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பெயர் சொல்லியே விளக்குங்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, மாதுளை, சிறுதானியம் வேண்டாம். முதல் நாள் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், இளநீர் (கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான்), சிவப்பு ஜூஸ் கூடவே கூடாது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இதையெல்லாம் எப்போது நிறுத்துவது என்று டாக்டரே சீட்டில் எழுதட்டும். குடல் சுத்தமாகாமல் திருப்பி அனுப்பினால் அதுவும் வராததற்குச் சமம்தான்.

அப்புறம் போன். மூன்று நாள் முன்னால் ஒன்று, முதல் நாள் மருந்து குடிக்கும் நேரத்தில் ஒன்று. வருவீங்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். மருந்து வாங்கியாச்சா, கூட யார் வர்றாங்க என்று கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். இங்கிலீஷ் எஸ்எம்எஸ்ஸை விட சிஸ்டர் தமிழில் பேசி அனுப்பும் வாட்ஸ்அப் வாய்ஸ் எவ்வளவோ மேல்.

வர முடியாது என்று சொல்கிறவருக்கு நன்றி சொல்லி, உடனே வேறு நாள் கொடுங்கள். காலியான இடத்துக்கு இன்னொரு கொலனோஸ்கோப்பி நோயாளியை அன்றே கூப்பிட முடியாது, ஆனால் வயிற்று எண்டோஸ்கோப்பிக்கு (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) இரவு முதல் வெறும் வயிறு போதும், அதனால் அதற்குக் காத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் இரண்டு பேரின் நம்பரை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

சொல்லாமலே வராதவருக்கு அன்று மதியமே பேசுங்கள், கோபப்படாமல். மலத்தில் ரத்தம் போவதற்காக எழுதிக் கொடுத்த பரிசோதனை என்றால் நோட்டில் பெயரை அடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.