பன்னிரு தொப்புள் அப்பம்: பண்டைக் கிரேக்கப் படையல் செய்முறை

பண்டைக் கிரேக்கப் படையல் என்றதும் ஆடும் மாடும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏதென்ஸின் மலைக்கோட்டையான அக்ரோபோலிஸில், தேவர்களின் தலைவனான ‘உன்னத ஜீயஸ்’ பீடத்தில் உயிர்ப்பலியே கிடையாது, மதுவும் கிடையாது, அப்பம் மட்டும்தான் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியாஸ் எழுதிவைத்திருக்கிறார்.

மாவைத் தொடும் முன் யாருக்குப் படையல் என்று முடிவுசெய்யுங்கள். ருசியைவிட உருவத்துக்கும் அளவுக்கும்தான் இங்கே கண்டிப்பு அதிகம். தட்டையான வட்ட அப்பத்துக்கு ‘பொபனோன்’ என்று பெயர். அதன் மேலுள்ள குமிழ்களைத் தொப்புள் என்றே சொன்னார்கள். ஒற்றைத் தொப்புள் அப்பம் உண்டு, பல தொப்புள் அப்பமும் உண்டு. ரோமர் காலத்து அத்திக்கா (ஏதென்ஸைச் சுற்றிய பகுதி) கல்வெட்டு ஒன்று, ஏதென்ஸ் நாட்காட்டியின் எலாஃபெபோலியோன் மாதம் 15ஆம் நாள் ஜீயஸின் தந்தை குரோனோஸுக்குப் பன்னிரு தொப்புள் அப்பமும், ஒரு கொய்னிக்ஸ் மாவில் எருது வடிவில் பிடித்த அப்பமும் கேட்கிறது. கடல் தெய்வம் பொசைடனுக்கும் பன்னிரு தொப்புள்தான்.

கொய்னிக்ஸ் என்பது முகத்தல் அளவை, ஏறக்குறைய 1.1 லிட்டர். கோதுமை மாவானால் சுமார் 600 கிராம் பிடிக்கும். கல்வெட்டுகள் அளவையும் உருவத்தையும் சொல்லும், பக்குவம் சொல்லாது. கீழே உள்ளது இன்றைய அடுப்புக்கான கணக்கு.

600 கிராம் மாவில் 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 2 மேசைக்கரண்டி தேன், சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசறுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, 280 மில்லி வரை விடலாம். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். ஈஸ்ட், சோடா வேண்டாம். மாவு உப்பினால் குமிழ் மூழ்கிப்போகும். சர்க்கரையும் வேண்டாம், கிரேக்கர்களுக்கு இனிப்பு தேனும் பழமும்தான். அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

120 கிராம் மாவைத் தனியே எடுத்துப் பன்னிரண்டு உருண்டை பிடித்துக்கொள்ளுங்கள். மீதியை 24 செ.மீ. அகலத்தில், ஒன்றரை செ.மீ. கனத்தில் தட்டுங்கள். உருண்டையைச் சும்மா மேலே வைத்தால் வெந்ததும் கழன்று உருளும். கட்டைவிரலால் குழி போட்டு, குழியில் தண்ணீர் தொட்டுத் தடவி, உருண்டையை அதில் அழுத்தி ஓரத்தை நீவிவிடவேண்டும். ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் சுடுங்கள். பாதியில் குமிழ் கருகத் தொடங்கினால் மேலே தாள் போட்டு மூடுங்கள். கூடுதல் தேனை இறக்கிய பிறகு பூசுங்கள். மாவில் தேன் அதிகமானால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும்.

வடிவத்தில் சந்தேகம் வந்தால் கொரிந்து நகரில் அகழ்ந்தெடுத்த பொருள்களைப் பாருங்கள். அங்கே அக்ரோகொரிந்து மலைச்சரிவிலுள்ள, தானியத் தெய்வம் டெமீட்டருக்கும் அவள் மகள் கோரேக்கும் உரிய கோயிலில் களிமண்ணில் செய்த குட்டி முறங்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுக்குள் விரல்நுனி அளவில் அப்பங்களும் அடுக்கியிருக்கின்றன.

பக்குவமே எழுத்தில் கிடைக்கிற அப்பம் ‘ஃப்தோயிஸ்’. கி.பி. 200ஐ ஒட்டி அதினேயஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் தொகுத்த நூலில் இருக்கிறது: பாலாடைக்கட்டியை இடித்து, வெண்கலச் சல்லடையில் தேய்த்து, தேனும் ஒரு ஹெமினா (முகத்தல் அளவை) மாவும் (சுமார் 150 கிராம்) சேர்த்து மிருதுவாகப் பிசை. பாலாடைக்கட்டியின் அளவை அவர் சொல்லவில்லை. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி 300 கிராம் சரியாக வரும். துணியில் பிழிந்து நீரை வடித்துவிடுங்கள். சல்லடை வேலையைச் சோம்பி விட்டால், உள்ளே கிடக்கிற கட்டிகள் நீர்விட்டு அப்பம் வெடிக்கும்.

வேட்டைத் தெய்வமான ஆர்டெமிஸுக்கு, ஏதென்ஸ் நாட்காட்டியின் முனிகியோன் மாதம் 16ஆம் நாள் எடுத்துப்போவது ‘அம்ஃபிஃபோன்’ அப்பம்; பெயருக்கு ‘இருபுறமும் ஒளிர்வது’ என்று பொருள். நிலா மறையும் நேரமும் சூரியன் எழும் நேரமும் ஒன்றாகி, வானம் இரு பக்கமும் வெளிச்சமாக இருப்பதால் அந்தப் பெயர். சுற்றிலும் சின்னஞ்சிறு தீவட்டிகள் எரியும். மாவிளக்கு போலக் குழித்து நெய் ஊற்றிவிடாதீர்கள். அப்பம் நன்றாக ஆறிய பின் தீவட்டிகளை விளிம்பில் செருகுங்கள். சூட்டோடு குத்தினால் பிளந்துவிடும். அவளுடைய இன்னொரு விழாவான எலாஃபெபோலியாவுக்கு எள்ளும் தேனும் சேர்த்துப் பிசைந்த ‘மான்’ என்ற அப்பம்.

படைக்கும்போது வரிசை முக்கியம். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் மருத்துவத் தெய்வம் அஸ்கிலேபியோஸின் கோயிலிலுள்ள கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, முதலில் வைக்கும் முன்படையலை அடுக்கிச் சொல்கிறது: மலேயாதாஸ் என்ற தெய்வத்துக்கு மூன்று பொபனா (பொபனோனின் பன்மை), அப்போலோவுக்கு மூன்று, ஹெர்மிஸுக்கு மூன்று என்று போய், நாய்களுக்கு மூன்று, வேட்டைக்காரர்களுக்கு மூன்று. ஒன்பதைச் சுட்டுவிட்டு எல்லாம் ஆயிற்று என்று எண்ணினால் நாய்கள் பட்டினி. கொஞ்சம் நெருப்பில் போகும், மீதி மேசையில் இருக்கும். அந்த மீதியைப் பூசாரி இரவோடு இரவாகப் பையில் ‘புனிதமாக்கிக்’ கொள்வதை நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 388இல் மேடையேற்றிச் சிரிக்க வைத்தார்.

அக்ரோபோலிஸைக் காப்பதாக நம்பப்பட்ட பாம்புக்கு வைத்தது தேனப்பம், மாதம் ஒருமுறை. அது எப்போதும் காலியாகிவிடும். கி.மு. 480இல் பாரசீகப் படை நெருங்கியபோது வைத்த அப்பம் வைத்தபடியே கிடந்ததாகப் பூசாரிப் பெண் அறிவித்தார். தெய்வமே கோட்டையை விட்டுப் போய்விட்டது என்று ஏதென்ஸ்காரர்கள் ஊரைக் காலிசெய்ய இன்னும் விரைந்தார்கள்.