முதல் தடவை சிங்கப்பூர் போகிறீர்களா?

விசா கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒரு வருகைப் படிவம் தனியாக இருக்கிறது. போய் இறங்குவதற்கு முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அந்நாட்டுக் குடிநுழைவுத் துறைத் தளத்தில் இதற்குக் காசே கிடையாது, ஆனால் கூகுளில் தேடினால் பணம் கேட்கிற தளங்களும் வந்து நிற்கும்.

அப்புறம் ஊறுகாய். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம், குழைவான பண்டம் எதுவும் போகாது, வீட்டில் ஆசையாகக் கட்டிக்கொடுத்த ஆவக்காய் பாட்டில் சோதனை மேசையோடு சரி. எண்ணெய் கசியாமல் இரண்டு கவர் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் மட்டும் நேர் எதிர், கைப்பையில்தான்.

அங்கே பிளக் பாயின்ட் செவ்வக முள்ளுக்கானது, அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். சூயிங்கம் வேண்டவே வேண்டாம், 1992 முதல் தடை.