கேஜின் முள் திரும்பி வரும் நேரம்

அக்டோபரில் முதல் பெருமழை பெய்ததும், குரோம்பேட்டையிலிருந்து நான் தொலைபேசியில் கூப்பிடுவது என் தங்கை மகனைத்தான். காவிரிப் படுகையில் நான் முப்பது வருடம் பார்த்த எண்ணெய்க் கிணற்று வேலையை இப்போது அவன் பார்க்கிறான். "செல்லரில் தண்ணீர் நிற்கிறதா? இறைப்பதற்கு முன்னால் குமிழி வருகிறதா என்று பார்" என்பேன். செல்லர் என்றால் கிணற்றுத் தலையைச் சுற்றியுள்ள குழி; அது காய்ந்திருந்தால் சிறு வாயுக் கசிவு கண்ணில் படாது. கேஸ் டிடெக்டரோடு, காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக நின்று பார்க்க வேண்டும். மூக்கை நம்பவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும்; நாற்றம் நின்றதுதான் அபாயம்.

அடுத்தது ஆன்யுலஸ், அதாவது எண்ணெய் மேலே வரும் உள்குழாயான டியூபிங்குக்கும், கிணற்றுச் சுவரைத் தாங்கும் வெளிக்குழாயான கேசிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பழைய கிணறு தன் நோயைச் சொல்வது அங்கேதான். முதலில் அங்குள்ள அழுத்தத்தைக் காட்டும் கேஜ் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு கிணற்றில் மூன்று மாதம் பூஜ்யம் என்றே எழுதிவந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது கேஜுக்குப் போகும் சிறு குழாய் துருவால் அடைத்திருந்தது. அன்று என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அழுத்தம் இருக்கிறது என்பதாலேயே பயப்பட வேண்டாம். உற்பத்தியின் சூட்டில் உள்ளிருக்கும் திரவம் விரிந்தாலும் முள் ஏறும். பிரித்தறிய, உற்பத்தியைச் சீராக வைத்துக்கொண்டு, அரை அங்குல ஊசி வால்வு வழியாக மெல்ல வடியுங்கள். வருவது வாயுவா திரவமா, எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு வால்வை மூடி 24 மணி நேரம் கவனியுங்கள். சூட்டால் வந்த அழுத்தம் அநேகமாகத் திரும்பாது. கசிவால் வந்தது திரும்பும். எவ்வளவு விரைவில் திரும்புகிறதோ அவ்வளவு பெரிய ஓட்டை என்று சந்தேகப்படுங்கள்.

திரும்பிவிட்டதே என்று தினமும் வடிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கனமான திரவம் வெளியேறி அந்த இடத்தில் வாயு சேரும். கசிவுப் பாதையும் அகலமாகலாம். அளவுகளைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். டியூபிங்கில் ஓட்டையா, அந்த இடைவெளியை அடியில் அடைக்கும் பேக்கர் விட்டுக்கொடுத்ததா, சிமெண்ட் விரிசலா என்று அடுத்த சோதனைகள் சொல்லும்.

வால்வுகளுக்குக் கிரீஸ் வைக்கும்போது மூடுவதற்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். போன முறையைவிடக் குறைந்தால், வால்வுக்குள் வழியை அடைக்கும் தகடான கேட் முழுதாக இறங்கவில்லை.

மழை வடிந்தபின் செல்லருக்கு இன்னொரு முறை போங்கள். தண்ணீர் நின்ற கோட்டில் கேசிங்கைத் துடைத்துவிட்டு, அல்ட்ராசோனிக் கருவியால் சுற்றிலும் தடிமன் அளந்து பழைய அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.