மின் இதழ் சந்தா: எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது?

கல்வி நிறுவன நூலகங்கள் வாங்கும் பெரும்பாலான ஆய்விதழ்களின் சந்தா ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். டிசம்பரில் உட்கார்ந்தால் விலை பேச நேரம் இருக்காது.

1. கையில் இருப்பதைப் பாருங்கள்

மத்திய, மாநில அரசுகளின் கீழ் வரும் கல்வி நிறுவனம் என்றால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏற்கெனவே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃப்ளிப்நெட் வழியாக வருகின்றன. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளைச் சேர்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்தத் திட்டத்தின் பட்டியலையும் உங்கள் சந்தாப் பட்டியலையும் இதழின் பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் ஏராளம். ஒவ்வொரு இதழுக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் (ISSN) எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

2. பயன்பாட்டு அறிக்கையை எடுங்கள்

பதிப்பகத்தின் நிர்வாகப் பக்கத்தில் 'கவுண்ட்டர்' (COUNTER) அறிக்கைகள் இருக்கும்; பயன்பாட்டை எல்லாப் பதிப்பகங்களும் ஒரே முறையில் எண்ணுவதற்கான பொதுத் தரம் அது. இதழ்வாரியாகப் பயன்பாட்டைக் காட்டும் டிஆர்_ஜே1 (TR_J1) அறிக்கையைப் பன்னிரண்டு மாதங்களுக்கு இறக்குங்கள். அதில் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு எண்கள் வரும். ஒரு மாணவி கட்டுரையைத் திரையில் திறந்து, அடுத்த நிமிடமே பிடிஎஃப்பாகவும் இறக்கினால் 'மொத்தம்' இரண்டு, 'தனித்த' கணக்கு ஒன்று. தனித்த எண்ணையே எடுங்கள். மற்றது கணக்கை ஊதிக் காட்டும்.

அப்புறம் டிஆர்_ஜே2 (TR_J2) அறிக்கை. நம்மிடம் சந்தா இல்லாததால் வாசகர்கள் எந்த இதழ்களின் வாசலில் நின்று திரும்பினார்கள் என்பதை அது சொல்லும். புதிதாக எதை வாங்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

3. வகுத்துப் பாருங்கள்

ரூ.1,20,000 சந்தா, 40 பயன்பாடு என்றால் ஒரு கட்டுரைக்கு ரூ.3,000. நூலகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள உதவும் டெல்நெட் போன்ற அமைப்பின் வழியாக நகல் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து வெட்டிவிடாதீர்கள். நான்கே ஆய்வாளர்கள் உள்ள கணிதத் துறையையும் நானூறு பேர் படிக்கும் வணிகவியலையும் ஒரே அளவுகோலால் அளந்தால் கணிதம் எப்போதும் தோற்கும். துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள். சுற்றறிக்கை அனுப்பினால் 'எல்லாமே வேண்டும்' என்றுதான் பதில் வரும்.

4. ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வளாகத்துக்கு வெளியிலிருந்து படிக்கலாமா, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் விலை ஏற்றலாம் என்பதைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட, சந்தாவை நிறுத்தினால் பணம் கட்டிய ஆண்டுகளின் கட்டுரைகள் நம்மிடம் இருக்குமா? கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019-இல் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்துடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தியபோது புதிய கட்டுரைகள் கிடைக்காமல் போயின. 2018 வரை வந்தவற்றில் பெரும்பாலானவை தொடர்ந்து கிடைத்தன. 2021-இல்தான் புது உடன்பாடு வந்தது. இப்படிப் பழைய கட்டுரைகளை வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தால் பேரம் பேசும்போது அவசரப்பட வேண்டியதில்லை. விற்பனைப் பிரதிநிதி வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துக்கு அனுப்புங்கள்.