மௌன மந்திரத்தை இடத்தின் மேல் போடுங்கள்

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்படிதான் ஆட்டக்களம்: ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையாடும் விளையாட்டு. கதையை நடத்துவது நான். போன ஐப்பசியில் தம்பியின் மந்திரவாதியை எதிரி ஊமையாக்கிவிட்டான். ஐந்து சுற்று தம்பி பகடையைத் தொடவே இல்லை. முகம் வாடிப்போனது. அன்றைக்கே விதியை மாற்றினேன்.

ஆளை ஊமையாக்காதீர்கள், இடத்தை ஊமையாக்குங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இவ்வகை ஆட்டத்தின் 5ஆம் பதிப்பில் மௌன மந்திரம் அப்படித்தான்: ஒலியே எழாத 20 அடி ஆரமுள்ள கோளம், அதிகபட்சம் 10 நிமிடம். போட்டவரின் கவனம் சிதறினால் கலைந்துவிடும். உள்ளே வாய்விட்டுச் சொல்லும் மந்திரம் பலிக்காது. கைச்சைகை மட்டுமே வேண்டியது பலிக்கும். இடிபோன்ற ஒலியால் வரும் சேதமும் உள்ளே முழுதாக இருப்பவரைத் தொடாது. ஆக, மாட்டியவர் வெளியே ஓடலாம், தோழர்கள் இழுத்து வரலாம், போட்டவனை அடித்துக் கவனத்தைக் கலைக்கலாம். அவர் முறை வரும்போது செய்ய ஏதாவது இருக்கணும், எனக்கு அதுதான் முக்கியம்.

எல்லையை நூலால் வட்டமிட்டுக் காட்டுங்கள். வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி என்றால் மையத்திலிருந்து 4 கட்டம்.

வர்ணனையை அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் ஊர் லாங்வுட் சோலைக் காட்டுக்குள் மூடுபனி இறங்கும்போதுகூட இலைச்சொட்டு கேட்கும். கோளத்துக்குள் அதுவும் கேட்காது. கதவு உடைகிறது, பக்கத்து அறைக் காவலன் தூங்குகிறான்.