வளர்த்த அணிலை வெளியே விடுவது எப்படி?

மரத்திலிருந்து விழுந்த அணில்பிள்ளைக்குப் பால் புகட்டி வளர்த்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்போ வெளியே விடலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "மடியில் வைத்துக் கொஞ்சுவதை எப்போ நிறுத்தினீங்க?" பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

கண் திறக்காத குட்டிக்குச் சூடு வேண்டும், அதனால் கையில் வைத்துத்தான் ஆக வேண்டும். தானாகக் கொறிக்க ஆரம்பித்ததும் கையை இழுத்துக்கொள்ளுங்கள். தீனியை உள்ளே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்; வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டக் கூடாது. வீட்டுப் பூனையோடு அணிலைப் படுக்க வைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தப் பூனை சும்மா இருக்கலாம், தெருவில் திரிகிற பூனை சும்மா இருக்காதே!

தீனியில் கவனம் வேண்டும். வேர்க்கடலையையும் சூரியகாந்தி விதையையும் அணில் ஆசையாகத் தின்னும். இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே தின்று வளர்ந்தால் எலும்பு வலுவில்லாமல் போய், தாவும்போது ஒடியும். இலையும் மொட்டும் பட்டையும் உள்ள கிளைகளை ஒடித்துப் போடுங்கள். முன்பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் கொறிக்கக் கட்டை வேண்டும். ஓட்டோடு ஒரு கொட்டையைக் கொடுத்துப் பாருங்கள். பழகிய அணில் அதை இரண்டு கையாலும் பிடித்து, உருட்டி உருட்டி, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே செதுக்கும். பழகாதது நக்கிவிட்டுப் போட்டுவிடும். அதற்கு இன்னும் நாள் வேண்டும்.

அடுத்து, கூண்டை வெளியே மரத்தடிக்கு மாற்றுங்கள். தரையில் வேண்டாம், எறும்பு மொய்க்கும். வெயிலும் மழையும் நேராகப் படாத உயரத்தில், அது தூங்கிப் பழகிய அதே பெட்டியோடு, ஒன்றிரண்டு வாரம் இருக்கட்டும். மற்ற அணில்கள் கத்துவது அங்கேதான் காதில் விழும். பருந்து நிழல் பட்டால் உறைந்து நிற்கிறதா, உங்களைக் கண்டால் பெட்டிக்குள் பாய்கிறதா என்று பாருங்கள். தொட்டால் கடிக்கிறதா? சந்தோஷப்படுங்கள்.

பல் கோணலாக வளர்ந்ததையும், கால் ஒடிந்து சரியாகக் கூடாததையும், எந்த மனிதரைப் பார்த்தாலும் மேலே ஏறுவதையும் வெளியே விடாதீர்கள். கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்பு மையத்திலோ காட்டுங்கள். பல நாடுகளில் அனுமதியில்லாமல் காட்டு விலங்கை வைத்திருப்பதே குற்றம் என்பதால், குட்டி கிடைத்த அன்றே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

மழையில்லாத நாளாகப் பார்த்து, காலையில் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். தூக்கிக் கிளையில் வைப்பதெல்லாம் வேண்டாம். அது வெளியே வரச் சாயங்காலம்கூட ஆகலாம். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து படுத்தால், சரி, படுக்கட்டும். கூண்டில் தீனியும் தண்ணீரும் சில வாரம் வைத்து, தீனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

'இன்னும் என்னை ஞாபகம் இருக்கா?' என்று பார்க்க ஆசை வரும். கடலையை நீட்டிக் கூப்பிடாதீர்கள். உங்கள் கைக்கு வருவது நாளைக்கு யார் கைக்கும் போகும். கூண்டைக் கழற்றினாலும் பெட்டி மரத்திலேயே இருக்கட்டும். சில சமயம் முன்பின் தெரியாத அணில் ஒன்று வந்து குடியேறிவிடும். அதையும் விரட்ட வேண்டாம்.